முடிச்சில்லாத மண்டையோட்டு மாலை

எங்கள் மகள் தவழத் தொடங்கியிருந்த சமயம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. டாக்டர் ஊசி போட்டார், பக்கத்துத் தெருவில் மந்திரித்தார்கள், எதற்கும் இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்து போய், பிள்ளை பிழைத்தால் மயானக் கொள்ளைத் திருவிழாவில் காளி வேஷம் கட்டி மயானம்வரை ஆடுவதாக அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் காய்ச்சல் விட்டது. ஊசி வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். வெளியே சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளவில்லை.

வேண்டுதல் அவருடையது, வேலை எங்களுடையது. காளிக்கு நகை வேண்டும், அதுவும் பார்த்தவர்கள் பயப்படுகிற நகை. வாடகைக்கு எடுத்தால் வேண்டுதல் சேராது என்றார் என் மாமியார். ஆக, நானும் மாமியாரும் உட்கார்ந்தோம். பழைய காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு ஆட்டி, எலுமிச்சம்பழ அளவில் மண்டையோடுகள் பிடித்தோம். கட்டைவிரலால் அழுத்தினால் கண்குழி. காய்ந்ததும் மேலே சுண்ணாம்பு, குழிக்குள் விளக்குக்கரி. ஊடைநூல் சுற்றும் தார்க்குச்சிகளில் உடைந்தவற்றை நறுக்கி எலும்புக் காப்பு செய்தோம். நான் பிடித்த மண்டையோடுகள் சிரித்தன. மாமியார் பிடித்தவை அவரைப் போலவே முறைத்தன.

மாலை கோக்கும்போதுதான் சண்டை. மிச்சப் பட்டு இழைகளைக் கயிறாக்கிக் கோத்த மாமியார், இரண்டு முனையையும் சேர்க்க முடிச்சுப் போடவில்லை. தறியில் அறுந்த பாவு இழையைச் சேர்ப்பது போல, விரலில் சாம்பலைத் தொட்டு முறுக்கிப் பிணைத்தார். முடிச்சு இருந்தால் தறியில் சிக்கும் என்பதால் எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். அவர் பிணைத்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்று தெருவில் அவருக்குப் பெயர்.

“ஒரு முடிச்சு போட்டுடலாம் அத்தே. ஆடறவரு கழுத்துல கிடக்கப்போவுது.”

“நெய்யறவங்க வூட்ல முடிச்சா? நாலு பேரு சிரிப்பாங்கமா. கம்முனு இரு.”

மயானம் போய்ச் சேருமுன் மாலை அறுந்தால் அம்மன் வேண்டுதலை ஏற்கவில்லை என்று சொல்வார்கள். எனக்கு அந்த நம்பிக்கை பாதிதான். பிள்ளை விஷயத்தில் பாதி நம்பிக்கை போதும், பயம் முழுசாக வந்துவிடும்.

சிவராத்திரிக்கு மறுநாள், நல்ல வெயில். பம்பைச் சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. முகத்தில் நீலமும் வெளியே தொங்கும் நாக்குமாக என் வீட்டுக்காரர் ஆடினார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாலையையே பார்த்தபடி நடந்தேன். வியர்வையில் பட்டு நனைந்தது. ஒரு சுழற்சியில் முறுக்கு பிரிந்து, மண்டையோடுகள் தெரு முழுக்கச் சிதறின. மயானம் இன்னும் தூரத்தில் இருந்தது.

பம்பை நின்றது. மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். நான் குழந்தையை இறுக்கியதில் அவள் வீறிட்டாள்.

“சூறை விடறாங்கபா, எடுங்க எடுங்க” என்று கூட்டத்தில் யாரோ ஒரு பெண் குரல் கொடுத்தாள். ஊர்வலத்தில் வேகவைத்த தானியத்தையும் காய்களையும் வாரி இறைப்பார்கள். அதற்குத்தான் சூறை என்று பெயர். கைக்குக் கிடைத்தால் அம்மன் பிரசாதம். அவ்வளவுதான், கூட்டம் எங்கள் மண்டையோடுகள் மேல் விழுந்தது. அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் யாருக்கும் தெய்வக் குற்றம் என்ற நினைப்பே இல்லை. பூசாரி என் வீட்டுக்காரரின் நெற்றியில் சாம்பல் பூசி, “அம்மாவே வாரிக் குடுத்துட்டா, நீ ஆடு” என்றார். பம்பை மறுபடி முழங்கியது.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உடனே ஒரு பதற்றம்: ஊரெல்லாம் அள்ளுகிறது, என் பிள்ளைக்கு ஒன்று வேண்டாமா? பழைய காகிதத்தை ஆட்டி நானே உருட்டியது என்பதெல்லாம் மறந்துபோயிற்று. குழந்தையை மாமியாரிடம் தள்ளிவிட்டு, குனிந்து, முண்டி, ஒருத்தியின் கையை விலக்கிக்கூட ஒன்றைப் பிடுங்கினேன். கொண்டுவந்து மகளின் நெற்றியில் வைத்து அழுத்தினேன். நெற்றி சில்லென்று இருந்தது, காய்ச்சலின் சுவடே இல்லாமல்.