நான் ஓடாத நாள்

எருத்தேன்பதியிலிருந்து பாலக்காடு போகும் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். நான் இரண்டு முறை மணியடித்தால்தான் டிரைவர் வண்டியை எடுக்க வேண்டும். எங்கள் டிரைவருக்கு அது ஆகாது. "பொம்பள மணியடிச்சு நான் வண்டி எடுக்கோணுமாக்கும்?" என்று முதல் நாளே கேட்ட ஆள்.

சித்தூர் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நிற்போம். ஆண்களுக்கு ஒரு சுவர் போதும். நான் ஒன்றுக்குப் போக பெட்ரோல் பங்க் வரை நடக்க வேண்டும். "போயிட்டு வந்தர்றனுங்கண்ணா" என்பேன். "மெதுவா வா புள்ள" என்பான். திரும்பி வந்தால் வண்டி நகர்ந்துகொண்டிருக்கும். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். நாசமாய்ப் போனவன், கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பான். இரண்டு தடவை ஆட்டோ பிடித்துத் துரத்தினேன். முதலாளியிடம் முறையிட்டால் அவர் என்னையே ஏசினார்: "இன்னொருக்கா வண்டிய உட்டுப்போட்டீன்னா வேலைக்கு வராதம்மா."

வேலை போனால் எங்கள் வீட்டில் உலை கொதிக்காது. அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். மூன்றாம் மாதம் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டாக்டரம்மா திட்டியபோது எனக்கு அழுகை வரவில்லை. உன்னை நடுரோட்டில் நிறுத்தாமல் விடமாட்டேன்டா என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

வேலைக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் சித்தூர் ஸ்டாண்டில் வேறொரு பஸ்ஸின் கண்டக்டர் என்னிடம் வந்து, "காலேஜ் தாண்டி ஆர்.டி.ஓ. செக்கிங் நிக்குது, டிரைவர்கிட்டச் சொல்லிருங்க" என்றார். இந்தச் சேதியை எங்கள் தொழிலில் எதிரியிடம்கூட மறைக்க மாட்டோம். நான் மறைத்தேன். "போயிட்டு வந்தர்றனுங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வரும்போது வண்டி ஸ்டாண்ட் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் அவன் பல் தெரிந்தது. வேலை போய்விடும் என்று தெரியும். ஆனாலும் ஓடவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தேன்.

முதலாளி போனில் கத்தினார். கண்டக்டர் இல்லாமல் வண்டி பிடிபட்டிருந்தது. ஆட்டோவில் போய் இறங்கினேன். முதலாளி எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். நடுரோட்டில் வேர்த்து வழிந்துகொண்டிருந்த டிரைவர் என்னிடம் ஓடிவந்தான். அடேயப்பா, அவன் ஓடி அன்றுதான் பார்த்தேன்!

"நீ பெல் அடிச்சுப்போட்டு ஏறாம உட்டுட்டேன்னு சொல்லு தாயி. என்ற லைசென்ஸ் போயிரும்."

அதிகாரி என்னைப் பார்த்து, "ஆரா பெல் அடிச்சது?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஆருமே அடிக்கலீங்க சார்."

"தெனமும் இப்படித்தான் சார், இந்தக்காவ ஓட உட்டுச் சிரிப்பாரு" என்று சன்னலோரம் இருந்த, பாலக்காட்டில் படிக்கும் கல்லூரிப் பெண்கள் கூவினார்கள். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். "நாளைக்கு நேரத்துக்கு வந்துரும்மா" என்றார் என்னிடம். டிரைவரின் லைசென்ஸை மூன்று மாதம் முடக்கினார்கள். எனக்கு இரக்கமே வரவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

இப்போது அவன் திரும்பி வந்துவிட்டான். அதே வண்டி, அதே வழி. சித்தூரில் அவன் முன்னாலேயே பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்குகிறேன். என் மணிக்காக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒன்றுக்கு வராத நாளிலும் பெட்ரோல் பங்க் வரை நடந்துவிட்டுத்தான் வருகிறேன்.