மெய்ராம் போட்ட வெளிச்சம்

என் கொழுந்தன் மெய்ராமுக்குக் கரகண்டா நகரத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வீட்டுக்கு வந்துவிட்டால் சூரியனைப் பழுதுபார்ப்பான். பதினைந்து வருடப் பழைய கணினி விளையாட்டு ஒன்றின் மேல் ஷேடர் மோட் என்ற ஒன்றை ஏற்றி, வெளிச்சம் எங்கே பட்டு எங்கே தெறிக்கும் என்று கதிர் கதிராகக் கணக்குப் போட வைப்பான். அவன் விளையாடி நான் பார்த்ததில்லை. குதிரையைச் சத்திரத்து வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே போய்ச் சுவரையே வெறித்துக்கொண்டிருப்பான்.

இப்படிப்பட்டவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு. ஆண்டுக்கொரு போட்டி: ஷேடருக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். ஜெயித்தவரின் ஷேடர் எண்கள் அடங்கிய அமைப்புக் கோப்பு ஒரு வருடம் குழுவின் உச்சியில் நிற்கும். போன இரண்டு முறையும் ஜெயித்தவன் பாவ்லோதர்க்காரன் எர்னூர். இந்தத் தடவையும் தோற்றால் கணினியை விற்றுவிடுவதாக மெய்ராம் சபதம் போட்டிருந்தான். அவன் மனைவி ரைகுல் வாங்குவதற்கு ஆளே பார்த்து வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை பவுர்சாக் மாவுருண்டை பொரித்து எடுத்துக்கொண்டு தேநீருக்குப் போயிருந்தேன்.

“அண்ணி, இங்க வாங்க. இடது பக்கம் முன்னாடி, வலது பக்கம் பின்னாடி.”

“ரெண்டும் ஒண்ணாத்தானேப்பா இருக்கு?”

“கண்ணாடிய மாட்டிட்டுப் பாருங்க!”

மாட்டினேன். “இடது பக்கம் சுவர்ல ஏதோ கறை மாதிரி.”

“பாத்தீங்களா, உங்களுக்கே தெரியுது!” என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் குழுவில் ஏற்றினான்.

இரண்டாவது கோப்பை ஊற்றுவதற்குள் புகழ்மாலை. ‘இயற்கை வெளிச்சம்னா இதுதான்’ என்றார்கள். எர்னூரே, ‘அண்ணே, இவ்வளவு அடக்கமா யாரும் போட்டதில்ல’ என்று எழுதியிருந்தான்.

ரைகுல் தேநீர்க் கெண்டியோடு எட்டிப் பார்த்தாள். “ஏங்க, கம்பளத்துச் சிவப்பு சுவர்ல தெறிக்கணும்னு மூணு வாரமா உயிர எடுத்தீங்களே. அது இடது பக்கத்துப் படத்துலதானே தெறிச்சிருக்கு?”

மெய்ராம் பார்த்தான். வாயில் போட்ட பவுர்சாக் அப்படியே நின்றது. ஷேடரைப் போடவும் அணைக்கவும் ஒரே விசை. எத்தனை தடவை அமுக்கினோம் என்பதை மறந்திருக்கிறான். இத்தனை பேர் கொண்டாடியது வெறும் பழைய விளையாட்டை.

“மாறிப்போச்சுன்னு சொல்லிடுங்க” என்றாள் ரைகுல்.

“சொன்னா எர்னூர் ஜெயிச்சிருவான்.” என் பக்கம் திரும்பினான். “அண்ணி, உண்மையச் சொல்லுங்க. எது நல்லாருக்கு?”

“வலது பக்கம்தான்பா.”

படத்தை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டான். சாயங்காலம் ஜெயித்தான். கோப்பு கேட்டார்கள். அதிலிருந்த எல்லா எண்களையும் பூஜ்யமாக்கி ஏற்றிவிட்டான். ‘இவ்வளவு வெளிச்சத்துக்கும் கணினி துளிகூடத் திணறல!’ என்று அதற்கும் பாராட்டு.

நாலாம் நாள் எர்னூரிடமிருந்து சேதி: ‘அண்ணே, உங்க கோப்ப எடுத்து இன்னும் கொஞ்சம் மென்மையாக்கியிருக்கேன்.’

“எதடா மென்மையாக்குன?” என்று திரையைப் பார்த்துக் கத்தினான் மெய்ராம்.

ரைகுல் சமையலறையிலிருந்து கணினி வாங்க இருந்தவனுக்குப் போன் போட்டாள். “இல்லப்பா, ஜெயிச்சுத் தொலைச்சிட்டாரு.”