ஆறும் மலையும் உள்ள இடம்

சின்ன மாமாமீது அம்மாவுக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம், அவர் திடீரென்று நல்ல பிள்ளையாகிவிட்டதுதான். அதுவரை அவர் கொட்டகலை பஜாரில் பொழுதைக் கழிப்பார், கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாகச் சுற்றுவார், எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு வந்து சோற்றுச்சட்டியைச் சுரண்டுவார். அம்மா வாய் வலிக்கத் திட்டுவாள். தன் தம்பியைத் திட்டுவது அவளுக்கு ஒரு கடமை மாதிரி. அப்படிப்பட்டவர் ஒரு மழைக்காலத்தில் வெளியே போவதையே நிறுத்திவிட்டார். கூப்பிட வந்த கூட்டாளிகளைச் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். காய்ச்சல் இல்லை. காதல் தோல்வி மாதிரியும் தெரியவில்லை. ஒரு வாலிபப் பிள்ளை காரணமில்லாமல் வீட்டிலேயே கிடந்தால், ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள் உள்ள எங்கள் லயத்தில் யாரும் அதை நல்லதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காரணம் எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் மூலையில் தகரப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தது. மாமா கொஞ்ச நாள் வேலை செய்த, டெலிபோன் பேசப் போகும் ஹட்டன் கொமினிகேஷன் கடையை மூடியபோது, அங்கே கிடந்த பழைய கொம்பியூட்டர் ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். படிக்க என்றார். அதற்குள் ஒரு விளையாட்டும் இருந்ததை அவர் சொல்லவில்லை. பனி உள்ளே போய்விடக் கூடாதென்று, அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் பழைய படங்கை அதற்குப் போர்த்தி வைத்தார். எனக்குக்கூட அவ்வளவு பக்குவமாகப் போர்த்திவிட்டதில்லை.

ஆளுக்கொரு சந்தேகம். மாமா ஏதோ ஒரு பெண்ணோடு பேசுகிறார் என்பது அம்மாவுடையது. சூதாட்டம் என்றார் அப்பா. அவர் பாக்டரியில் வேலை செய்தவர், எந்த இயந்திரத்தையும் நம்ப மாட்டார். பக்கத்துக் காம்பரா பெரியம்மா எங்களுக்குச் சொந்தமில்லை, ஆனால் நடுவில் இருந்தது அரைச்சுவர் என்பதால் சொந்தத்தைவிட நெருக்கம். மாமா தனியாக உட்கார்ந்து, “இந்த ஊர இன்னைக்கு அழிச்சிர்றேன் பாரு” என்று பல்லைக் கடித்ததை அந்தச் சுவருக்கு மேலாகக் கேட்டுவிட்டு, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பெரியம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். கோயிலிலிருந்து விபூதி கொண்டுவந்து மாமாவின் நெற்றியில் பூசினார். அதோடு நில்லாமல் கொம்பியூட்டருக்கும் ஒரு பட்டை போட்டார்.

அம்மா விபூதியை நம்பி இருக்கவில்லை. என்னை அடுப்படிக்கு அழைத்து, “நீ போயி அவென் பக்கத்துல ஒக்காரு. என்ன செய்யிறான், யாரு கூட பேசறான்னு எனக்கு வந்து சொல்லணும்” என்றாள். எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. உளவு பார்ப்பது பள்ளிக்கூடத்து வீட்டுவேலையைவிட எவ்வளவோ மேல் என்று போய் உட்கார்ந்தேன்.

திரை முழுக்க இருட்டு. நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம், அதில் மூட்டை முடிச்சோடு நிற்கும் ஒரு சிறு கூட்டம். அவர்களை எங்கே குடியேற்றுவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னதும் அந்த இடத்தில் ஒரு ஊர் முளைக்கும். பிறகு வயல், பாலம், மதில். ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு டர்ன் முடிந்து உலகம் கொஞ்சம் நகரும். நாம் அழுத்தும்வரை எல்லாம் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். நமக்காக உலகம் காத்திருப்பதை நான் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதில் ஒரு மயக்கம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அதில் ஒரு கள்ளமும் இருந்தது. பாலம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கும். சரி, அதை முடித்துவிட்டு எழும்பலாம் என்றால், பாலம் முடியும்போது கப்பல் பாதிவழியில் நிற்கும். கப்பல் கரை சேரும்போது எதிரி மதிலுக்கு வெளியே வந்திருப்பான். எழும்பிப் போகத் தோதான ஓர் இடத்தை அதைச் செய்தவர்கள் எங்கேயுமே விட்டுவைக்கவில்லை. தெரிந்தேதான் செய்திருப்பார்கள் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். மாமா தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு, “இந்த ஒரு டர்ன் மட்டும்” என்பார். தேத்தண்ணியில் ஆடை படியும். அந்த ஒரு டர்ன் முடியவே முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவே நேரில் விசாரணைக்கு வந்தாள். கீரையை ஆய்ந்துகொண்டே வெகுநேரம் திரையைப் பார்த்தாள். சின்னச் சின்ன மனிதர்கள் மலையை வெட்டி ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இந்த ஆளுங்க யாருக்கு வேல செய்யிறாங்க?”

“எனக்குத்தான்க்கா.”

“இவங்களுக்கு யாரு பேரு போடறது?”

பேர் போடுவது என்றால் தோட்டத்தில் அன்றைய நாள் சம்பளத்தைப் பதிவது. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான். அந்த அரைப்பேருக்குப் பயந்தே அம்மா மழையிலும் மலையை விட்டு இறங்க மாட்டாள். மாமா சிரித்துவிட்டு, இதில் பேரெல்லாம் கிடையாது, தான் ராஜா, சொன்னால் செய்வார்கள் என்றார்.

“ராஜான்னு ஏன் சொல்ற? தொரைன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு அம்மா கீரையோடு எழுந்து போனாள்.

உளவாளியின் கதை அதற்குள் கெட்டுவிட்டிருந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் தேயிலை மலை எனக்குக் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பித்தது. இந்தக் கட்டத்தில் ஊர் வைக்கலாம், அந்தக் கட்டத்தில் மதில் என்று மனசுக்குள் ஓடும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது, என்னை அறியாமலே “இந்த ஒரு டர்ன்மா” என்று சொல்லிவிட்டேன். அம்மா கையிலிருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள். அதன்பிறகு என் அறிக்கைகளையும் அவள் பாதிதான் நம்பினாள்.

தோட்டத்தில் தனி வீடு கட்ட, குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி, ஒரு சின்ன வீடு நிற்குமளவு நிலம், தரப்போவதாகப் பேச்சு வந்தது அந்த நாட்களில்தான். முதலில் யாரும் நம்பவில்லை. தேர்தல் ஏதும் வருகிறதா என்று அப்பா விசாரித்தார். பழைய தேயிலையைப் பிடுங்கிப் போட்டிருந்த சரிவில் முளைக்குச்சிகள் நட்டபிறகுதான் லயம் மூச்சுவிட ஆரம்பித்தது. அரைச்சுவர் இல்லாத வீடு எப்படியிருக்கும் என்று அம்மாவும் பெரியம்மாவும் அரைச்சுவரின் இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் மாமாவின் விளையாட்டு எனக்கு அலுத்துப்போயிற்று. அவர் பழையபடி ராச்சியம் ஆளுவதில்லை. சண்டை இல்லை, கப்பல் இல்லை. புதிதாக ஆரம்பிப்பார், மூட்டை முடிச்சுக் கூட்டத்தைச் சுற்றியுள்ள இடத்தை உற்றுப் பார்ப்பார், ஒரு ஊரை வைப்பார், தலையை ஆட்டிவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஏன் மாமா என்று கேட்டால், “எடம் சரியில்ல பாப்பா” என்பார். நான் அடுப்படிக்குப் போய், “மாமா தோத்துக்கிட்டே இருக்காங்கம்மா” என்று அறிக்கை கொடுத்தேன். அம்மாவுக்கு அதில் சந்தோஷம். தோற்றால் சீக்கிரம் விட்டுவிடுவான் என்று நினைத்தாள்.

யார் முதலில் காணியைத் தெரிவு செய்வது என்று மாரியம்மன் கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கினார்கள். முதல் சீட்டு எங்கள் வீட்டுக்கு விழுந்தது. அன்றைக்கு அம்மா நடந்த நடையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவளுக்கு எந்தக் காணி வேண்டும் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. ரோட்டோரத்தில், சமமான தரையில் இருந்த மூலைக்காணி. நான் பிறக்க வேண்டிய நேரத்தில் அம்மாவைக் கம்பளியில் கட்டி, கொழுந்து லொறி நிற்கும் இடம்வரை மழையில் தூக்கிக்கொண்டு இறங்கினார்களாம். வழியிலேயே செத்துப்போயிருப்பேன் என்று அவள் சொல்லும்போதெல்லாம், சாக இருந்தது அவளா நானா என்று எனக்குக் குழப்பமாக இருக்கும். ரோட்டோரம் என்ற வார்த்தைக்கு அவளிடம் அவ்வளவு கனம் இருந்தது.

தெரிவு செய்யும் நாளில் மாமாதான் போக வேண்டியிருந்தது. வந்த உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்கள் வீட்டில் சிங்களம் திருத்தமாகப் பேசுகிறவர் அவர் ஒருவர்தான். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு, “வேற ஒன்னும் யோசிக்காத. ரோட்டோரம், மூலையில இருக்கது. புள்ள, நீயும் கூடப் போ” என்றாள். உளவு வேலை இன்னும் முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது.

மாமா நேராகப் போய் மூலைக்காணியில் நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் சரிவு முழுவதையும் நடந்து பார்த்தார். குனிந்து மண்ணை எடுத்துத் தேய்த்தார். கீழே, எல்லோருக்கும் கடைசியாக, ஓடைக்கரையில் ஒரு காணி இருந்தது. அதற்குப் பின்னால் பாறையும் மரமுமாக மலை. அங்கே போய் நின்று கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் அந்த இடம் கட்டங்களாகத் தெரிந்தது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மலை. இதைவிட நல்ல இடம் அந்தச் சரிவிலேயே இல்லை என்று எனக்கும் பட்டது. மாமா கையைக் காட்டினார். “மேக்கத மல்லி?” என்று உத்தியோகத்தர் கேட்டார், இதுவா தம்பி என்று. நம்ப முடியாமல் மறுபடியும் கேட்டார். மாமா ஓம் என்று தலையாட்டினார். அவர் பக்கத்தில் நின்று நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

அம்மா மலையிலிருந்து இறங்குவதற்குள் செய்தி அவளைத் தேடிப் போய்விட்டது. இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றாள். அப்பா முதலில் மாமாவின் வாயை முகர்ந்து பார்த்தார். சாராய வாசம் இல்லை. அப்படியானால் மிச்சமிருப்பது ஒன்றுதான், யாரிடமோ காசு வாங்கியிருக்க வேண்டும். இரண்டாவது சீட்டு பெரியம்மா வீட்டுக்கு, ரோட்டோர மூலைக்காணி இப்போது அவர்களுக்கு. விபூதி பூசியதெல்லாம் இதற்குத்தானா என்று அம்மா சுவருக்கு மேலாகவே கேட்டாள். அந்தப் பக்கத்தில் பெரியம்மா குய்யோ முறையோ என்று அழ ஆரம்பித்தார்.

“யாருகிட்ட என்னத்த வாங்குன? சொல்லுடா.”

“ஒன்னும் வாங்கலக்கா. தண்ணி இருக்கு. பின்னால மல காவலா நிக்குது. ஆறும் மலையும் இருக்க எடத்துல வச்ச ஊரு ஒருநாளும் தோத்ததில்ல.”

“நம்ம மேல எவன்டா படையெடுத்து வாரான்?” என்று அம்மா கத்தினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவள் ஒரு கற்பூரத்தைக் கொளுத்தித் தரையில் வைத்து, அடித்துச் சத்தியம் செய் என்றாள். மாமா உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தார். கற்பூரச் சத்தியத்தில் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள், அம்மா நம்பித்தான் ஆக வேண்டும். நம்பியபிறகுதான் அவள் உட்கார்ந்து அழுதாள். “வாங்கிக்கிட்டு குடுத்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்குச் சிரிப்பு அத்தோடு போய்விட்டது.

மாமா அதன்பிறகு கொம்பியூட்டர் பக்கம் போகவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, தானாகவே படங்கைப் போர்த்தி வைத்தார். கொஞ்ச நாளில் கொழும்பில் ஒரு கடையில் வேலை கிடைத்துப் போனார். அவர் போனபிறகுதான், தவணை தவணையாக, ஓடைக்கரையில் எங்கள் வீடு எழும்பியது. ரோட்டுக்கு ஏறும்போதெல்லாம் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே தம்பியைத் திட்டுவாள். குழாயில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் பெரியம்மா வீட்டார் வாளியோடு எங்கள் ஓடைக்கு வருவார்கள், அப்போது மட்டும் திட்டு கொஞ்சம் குறையும். மழை பலத்தால் அம்மா பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மண் சரிந்து வருமோ என்று மலையையே பார்ப்பாள். அந்த மலைமேல் அவளுக்கு இன்றைக்கும் நம்பிக்கை இல்லை. எனக்கும்தான்.

மாமா தீபாவளிக்கு வருவார். கொழும்பில் கடைக்கு மேலே ஒரு அறையில், இன்னும் சில பேரோடு பாயை ஒட்டிப் போட்டுப் படுக்கிறார். இங்கே வந்தால் உள்ளே வந்து உட்காரவே மாட்டார். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போய் ஓடைக்கரையில் நிற்பார், அது ஆறிப்போகும்வரை. இருந்து அனுபவிக்காதவன் எதற்காக இந்த இடத்தைப் பிடித்தான் என்று அம்மா என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்பாள். கற்பூரம் அடித்தபிறகும் அவளுக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை.

எனக்கு அது விளங்க வெகுகாலம் பிடித்தது. லயத்துக் காம்பராவைத் தோட்டம்தான் கொடுத்தது. எந்த நம்பரைக் காட்டினார்களோ அதற்குள் போய் எங்கள் ஆட்கள் குடியிருந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், செத்தார்கள். உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று எங்கள் குடும்பத்தில் யாரையும் யாரும் கேட்டதில்லை. மாமாவிடம் அதை முதன்முதலாகக் கேட்டது அந்த விளையாட்டு. அடுத்ததாகக் கேட்டவர் அந்த உத்தியோகத்தர். கேள்வி வரப்போகிறது என்று தெரிந்து, பதில் பிழையாகிவிடக் கூடாதே என்ற பயத்தில், மூட்டை முடிச்சோடு நின்ற அந்தக் கூட்டத்தை அவர் மறுபடியும் மறுபடியும் இறக்கி வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்.

அதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த ஒரே ஆள் நான். மாமா தோற்றுக்கொண்டே இருக்கிறார் என்றுதான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.