கூம்பை ஒட்டிப் போன சடையப்பன்

அச்சரப்பாக்கம் பக்கத்தில் சடையப்பனைத் தெரியாத லாரிக்காரன் இல்லை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். கிளீனராக ஏறி, நாலு லாரிக்கு முதலாளி ஆனவர். இத்தனை வருஷத்தில் எதன்மீதும் ஒரு கீறல் விழ உரசியதில்லை என்பதுதான் அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பெருமை. அந்தப் பெருமைக்குத்தான் திருவிடந்தை தாண்டிய பொட்டல் மைதானத்தில் ஆபத்து வந்தது.

ஆட்டோகிராஸ் என்று மகள் ஜெயப்பிரியா இழுத்து வந்திருந்தாள். ஒரு நேரத்தில் ஒரே கார். வரிசையாக நிறுத்திய ஆரஞ்சுக் கூம்புகளுக்கு இடையே இடமும் வலமுமாக வளைந்து ஓடி முடிக்க வேண்டும். போட்டியே கடிகாரத்தோடுதான். கூம்பைத் தட்டினால் அபராத நொடிகள் சேரும். ஆளுக்கு இரண்டு சுற்று.

"இது இன்னா பெரிய வித்தை? என்னாண்ட வுடு" என்று மகளின் காரில் ஏறினார். முதல் சுற்றில் ஒரு கூம்பும் அசையவில்லை. மார்பை நிமிர்த்தி இறங்கி, நேரம் எழுதிய பலகையைப் பார்த்தார். கடைசிப் பெயர் அவருடையது.

"இன்னா நைனா, கல்யாண ஊர்வலம் வுட்டியா?" என்றாள் மகள்.

"ஒண்ணையாச்சும் தொட்டனா?"

"எங்க தொடுறது? நடுவுல ஒரு பஸ்ஸே பூந்து போவும். இது லாரி இல்ல நைனா, கார்!"

உண்மைதான். நீள லாரியில் பின்சக்கரம் உள்ளே வெட்டும் என்று அகலமாக ஒதுங்கித் திருப்பிப் பழகிய கை, தானாக அதையே செய்திருந்தது. ஒட்டிப் போனால் நேரம் மிச்சம். தட்டினால் பெருமை காலி. அடுத்த முறை வரும்வரை அவர் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். டயரை உதைத்தார். இறங்கினார், ஏறினார்.

கடிகாரம் பிடித்திருந்த தீனதயாளன் சிரித்தான். "அண்ணாத்த, செத்த குந்துங்க. தரை தேஞ்சிடப்போவுது."

"உன் வேலைய பாருடா!"

கொடி விழுந்தது. கை அகலமாகப் போகத் துடித்தது, அடக்கினார். கூம்புகள் கதவோரம் பறந்தன. பாதி வழியில் 'டப்' என்று ஒரு சத்தம். கால் பிரேக்கைத் தேடியது. பல்லைக் கடித்து மீண்டும் ஆக்ஸிலரேட்டரையே அழுத்தினார்.

"அபராதம் சேத்தும் முன்ன வுட கொறச்சல் அண்ணாத்த! நாலு பேர தாண்டிட்டீங்க" என்று கத்தினான் தீனதயாளன்.

ஜெயப்பிரியா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "இடிச்சிட்டியே நைனா!"

"ஆமா, இடிச்சேன். இன்னா இப்போ?" சடையப்பன் இன்ஜினை அணைக்கவில்லை, சீட்பெல்ட்டையும் கழற்றவில்லை. "அவன்கிட்ட போய் கேளும்மா. அடுத்த ரேஸ் எங்க, எப்போன்னு. சீக்கிரம் போ!"