தொடாமல் பார்த்த வேலை

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஃபைல்கள் எல்லாம் அங்கிருந்த பெரிய கம்ப்யூட்டரில். ஸ்ரீவில்லிபுத்தூர் கிளையில் ஒரு சின்ன கம்ப்யூட்டரும் மோடமும் சும்மா கிடந்தன. போன் லைன் வழியாக அங்கிருந்தே ராஜபாளையத்து ஃபைலைத் திறந்து திருத்தலாம், என்னை அங்கே உட்கார விடுங்கள் என்று முதலாளியிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். கைக்குழந்தையாக இருந்து அப்போதுதான் நடக்கத் தொடங்கிய மகள், தினமும் காலையில் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுவாள். அதைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவது எனக்கு வெறுத்துப்போயிருந்தது.

முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் மோடத்தை நம்ப மாட்டார். "ஃபைல் இங்க கெடக்கு. நீ அங்க இருந்துக்கிட்டு எப்படிம்மா தொடுவ?" என்பார்.

ஆயுத பூஜை வந்தது. வீடு பக்கம் என்பதால் கிளை ஆபீஸைக் கழுவிவிட என்னை அனுப்பியிருந்தார்கள். வாளியும் கையுமாக நிற்கும்போது போன் அடித்தது. முதலாளி.

"தூத்துக்குடி லாரி டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சு ரெடியா நிக்கி. இப்பம் போயி வாங்குற பார்ட்டி பேல் மூட்டைக் கணக்க மாத்திட்டான். பேக்கிங் லிஸ்ட திருத்தணும். கப்பல் நமக்காக நிக்காது."

"அங்கேயே திருத்தச் சொல்லுங்க மொதலாளி."

"கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வச்சு மாலையும் போட்டாச்சும்மா. விடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, நீ சொல்லுவியே, அது தொடாமப் பாக்குற வேலைதானே?"

"தொடவே மாட்டேன் மொதலாளி. கம்ப்யூட்டர் ஓடுதா?"

"இருட்டாவா பூஜையில வைப்பாக? எரியுது."

கிளையில் இருந்தது ஒரே போன். அதை வைத்தால்தான் மோடத்துக்கு லைன். மோடம் கீச்சிட்டுக் கத்தியது, பாதியில் அறுந்தது, மறுபடி கத்தியது. ஃபைல் திறந்தது. நான் தட்டிய எழுத்து ஆற அமரத் திரையில் வந்து சேர்ந்தது. சேமிக்கும்போது லைன் போனால் இருந்த லிஸ்டும் போய்விடும், அதோடு என் கிளை ஆபீஸ் ஆசையும் போய்விடும். ஆண்டாளை வேண்டிக்கொண்டு சேமித்தேன், பிரிண்டும் கொடுத்தேன்.

அங்கே நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். கற்பூரம் காட்டுகிற நேரம் பார்த்து, மாலை போட்ட பிரிண்டர் தானாகக் கறகறவென்று ஓட ஆரம்பித்ததாம். மாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியதாம். ஐயர் தட்டோடு பின்வாங்கிவிட்டார். முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டு, பேக்கிங் லிஸ்டைப் பிரசாதம்போல இரண்டு கையாலும் வாங்கினாராம்.

போன் வந்தது. "இனிமே நீ பஸ் ஏற வேண்டாம். அங்கயே இருந்துக்கோ." வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதேன்.

தீபாவளி காலை. தலையில் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்கு எனக்குப் போன் வந்தது.

"லீவு நாள்ல வேலை பாக்கச் சொல்லுதேன்னு நெனைக்காதம்மா," என்றார் முதலாளி. "நீதான் எதையும் தொடப் போறதில்லையே."

மகள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை நான் பிடுங்கவில்லை. எண்ணெய்த் தலையோடு அவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தேன்.