காராச்சேவு சைவம்தானே!

போன வாரம் சிவகாசி போயிருந்தேன். காலண்டர் பிரஸ் வைத்திருக்கும் நண்பர் மாரியப்பனைப் பார்க்க.

எட்டு மாதத்துக்கு முன் மதுரையில் அவருக்கு இதய அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். "கறியை விடுங்க. எண்ணெய்ப் பலகாரம், இனிப்பையும் விடுங்க. இன்னொரு அடைப்பு வந்தா நெஞ்சைத் திறக்கணும்" என்றார் டாக்டர். நண்பர் காதில் முதல் இரண்டு சொல்தான் விழுந்தது போலிருக்கிறது. கறியை அன்றே விட்டுவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி, சாப்பிட்டீகளா? நான் இப்ப சுத்த சைவம்!"

அந்தச் சைவத்தைப் பிரஸ் மேஜையில் பார்த்தேன். எண்ணெயில் முக்கிப் பொரித்த பரோட்டா நான்கு. காய்கறிக் குருமா — காய்கறியைத் தேடினேன், ஒரு பட்டாணி கிடைத்தது. கால் கிலோ காராச்சேவு. ஓரத்தில் பால்கோவா வேறு...

"ஏம்ப்பா, இதையா டாக்டர் சாப்பிடச் சொன்னார்?"

"ஏன், காராச்சேவுல எலும்பா இருக்கு?"

பிரஸ்ஸே சிரித்தது. அவர் மனைவி செண்பகம் மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மா கொண்டுவந்த கீரைக் கூட்டும் தட்டைப்பயறுச் சுண்டலும் மூடி திறக்காமல் கிடந்தன.

"நீங்களாவது சொல்லுங்கண்ணாச்சி. தையில மகளுக்குக் கல்யாணம். இவுக நல்லா நடமாடணும்ல? எம்புட்டுச் சொன்னாலும், இது ஆஸ்பத்திரிச் சோறுங்கிறாக."

"மாடு திங்கறத எனக்குப் போடுறா அண்ணாச்சி!"

என்ன புத்தி இது? மைதா கோதுமையிலிருந்து வருகிறது. சீனி கரும்பு. எண்ணெய் கடலை. எல்லாம் மண்ணில் முளைத்தவைதான். புகையிலைகூடச் செடிதான் — அதையும் சைவம் என்று மென்றால் நெஞ்சுக்கு நல்லதா? தட்டில் கறி இல்லை என்று பார்க்கிறார்கள். தட்டில் என்ன இருக்கிறது என்று எவர் பார்க்கிறார்? எங்கள் விருதுநகரில் என் தெருவில் மட்டும் இப்படி ஆறு 'சைவர்கள்'. ஆறு பேர் சட்டைப் பையிலும் மாத்திரை!

முந்தாநாள் மதுரையில் மறுபடி பரிசோதனை. புதிதாக இரண்டு அடைப்பு. நெஞ்சைத் திறந்தே ஆக வேண்டுமாம். மகள் கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிவிட்டார்கள். செண்பகம் போனில் அழுதுகொண்டே சொன்னார். பிறகு போனை மாரியப்பன் வாங்கினார்.

"பாத்தீகளா அண்ணாச்சி? எட்டு மாசம் வாயக் கட்டுனேன். சைவம் என்னத்தக் கிழிச்சுச்சு? ஆபரேஷன் முடியட்டும்... மறுநாளே கறிதான்!"

நெஞ்சைத் திறக்கும்போது, அப்படியே தலையையும் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டால் தேவலை.