காத்து அடிச்ச தம்பி

எங்கள் சலவைக் கூடத்தில் மூட்டைக்கு மூட்டை சீட்டு கட்டியிருக்கும். எல்லாம் இங்கிலீஷ். நான் ஐந்தாவதோடு நின்றவள். ஒவ்வொரு சீட்டுக்கும் யாரையாவது கெஞ்சிக்கொண்டு நிற்பேன். ஒருநாள் பார்த்தால், ஆஸ்பத்திரி மூட்டைச் சீட்டில் ஒரு கட்டில், ஓட்டல் மூட்டைச் சீட்டில் ஒரு கோப்பை, பேனாவால் வரைந்திருந்தது. பாய்லர் பார்க்கும் தம்பியின் வேலை. அதைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒருநாள் அந்தப் பாய்லரின் குழாய் வெடித்து அவன் கூட்டாளி இறந்துபோனார். அன்று வால்வைத் திருகப் போகவேண்டியது தம்பியின் முறை. "நீ டீயக் குடி, நான் போறேன்" என்று அவர் போயிருக்கிறார்.

அதன்பிறகு இஸ்திரிப் பெட்டி 'புஸ்' என்றாலே தம்பி மேசைக்கடியில் புகுந்துவிடுவான். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. "காத்து அடிச்சிருக்கு" என்றார் அவன் அம்மா. ஏதோ கெட்ட ஆவி தொட்டுவிட்டது என்று அவருக்குப் பயம். நான் மட்டும் சும்மா இருந்தேனா? "ஏதோ பாவம் தம்பி, மன்னிப்பு கேட்டு வேண்டிக்கோ" என்றேன். நல்லது சொல்வதாகத்தான் நினைப்பு. மறுநாளிலிருந்து அவன் வேலைக்கே வரவில்லை.

மனசு கேட்காமல் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.

"என்னம்மா ஆச்சு?"

"காத்து அடிச்சிருச்சுங்க டாக்டர்" என்றார் அம்மா. குழாய் வெடித்துக் கூட்டாளி இறந்ததை நான் சொன்னேன்.

வெடித்தபோது காதில் அடித்த காற்றைச் சொல்கிறார் என்று நினைத்து டாக்டர் காது பரிசோதனைக்கு எழுதிவிட்டார். அதையும் முடித்துக்கொண்டு திரும்பி வந்தோம்.

"காது நல்லாத்தானே கேக்குது!" என்றார் டாக்டர்.

"கேக்குதுங்க. அதான் தொல்லையே" என்றான் தம்பி.

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க சொல்லுங்க. இது எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?"

"அம்மா காத்துங்கிறாங்க. அக்கா பாவம்ங்கிறாங்க. என் முறைக்குக் கூட்டாளி போனாரு, நான் டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தேன் டாக்டர். அதனாலதான்."

ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்தவன் தலையில் நானும் ஒரு மூட்டையை ஏற்றியிருக்கிறேன்.

"டீ குடிச்சது யாரையும் கொல்லலப்பா. அந்தச் சத்தம் உங்க உடம்புக்குள்ள இன்னும் ஓயல. மெதுவா ஓய வைக்கலாம்."

"அப்ப காத்து இல்லியா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டார்.

சில மாதம் வாராவாரம் போனான். நடுக்கம் குறைந்தது, பாய்லர் பக்கம் மட்டும் போக முடியவில்லை. வேறு ஊரில் மரக்கடை வேலை கிடைத்தது. பஸ் ஏற்றிவிடப் போனேன்.

"உனக்காக வேண்டிக்கிறேன் தம்பி."

படியில் கால் வைத்தவன் திரும்பினான்.

"வேண்டிக்கங்கக்கா. மன்னிப்பு மட்டும் கேக்காதீங்க. தூக்கம் கேளுங்க."